ஈ6பி கணினியில் காற்றுத் திருத்தம்: சேலம் – மதுரை, ஒரு முழுக் கணக்கு

சேலம் விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அது கிட்டத்தட்ட நேர் தெற்கு. ட்ரூ கோர்ஸ் (புவியியல் வடக்கிலிருந்து அளந்த பாதைத் திசை) 179 டிகிரி, தூரம் 117 நாட்டிக்கல் மைல் (இனி மைல் என்றால் இதுவே), பாதி வழிக்குச் சற்று முன்னே கரூர். ஜூலை மாதத்தில் மூக்கை அந்த 179-லேயே வைத்துக்கொண்டு பறந்தால், ஒரு மணி நேரத்தில் கோட்டை விட்டு 25 மைல் கிழக்கே தள்ளப்பட்டு, மேலூரைத் தாண்டி சிவகங்கை மாவட்டத்துக்குள் இருப்பீர்கள். தள்ளுவது தென்மேற்குப் பருவக்காற்று. எவ்வளவு தள்ளும், மூக்கை எவ்வளவு மேற்கே திருப்ப வேண்டும், திருப்பியபின் தரைமேல் என்ன வேகம் கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் கையடக்கமான ஒரு தகட்டில் விடை எடுக்கலாம். அதுதான் ஈ6பி. 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஃபிலிப் டால்டன் வடிவமைத்தது. அந்நாட்டு ராணுவ விமானப் பிரிவு 1940-இல் கொடுத்த பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது.

இதைக் கற்கும்போது பலர் "முதலில் இதைத் திருப்பு, பிறகு அதை நகர்த்து" என்று வரிசையை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டு மாதம் தொடாமல் விட்டால் வரிசை மறந்துபோகும். பாதி நினைவில் இருந்தால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் தவறான வரிசையும் ஒரு விடையைக் கொடுக்கும், அதுவும் நம்பும்படியாகவே இருக்கும். ஆகவே தகடு எதை வரைகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

தகட்டில் தெரியும் முக்கோணம்

காற்றுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் சிறு துளையோ வளையமோ உள்ள, ஒளி ஊடுருவும் வட்டு. வட்டின் விளிம்பில் 360 டிகிரி. மேலே அசையாத சட்டத்தில் ஓர் அம்புக்குறி. இதுவே ட்ரூ இண்டெக்ஸ். வட்டுக்கு அடியில் மேலும் கீழும் ஓடும் ஸ்லைடு. ஸ்லைடில் வளைந்த கோடுகள் வேகம், விசிறிபோல் விரியும் நேர்கோடுகள் கோணம்.

அந்த விசிறிக் கோடுகளைக் கீழ்நோக்கி மனத்தில் நீட்டிப் பாருங்கள். ஸ்லைடுக்கு வெளியே, கீழே ஓர் இடத்தில் எல்லாம் ஒன்றுசேரும். அதுதான் சுழி வேகம், முக்கோணத்தின் முதல் முனை. அச்சிட இடமில்லாததால் வெட்டிவிட்டார்கள். அங்கிருந்து நடுக்கோடு வழியாக நடுத்துளை வரைக்கும் உள்ள நீளம் கிரவுண்ட் ஸ்பீடு (தரைமேல் வேகம்), திசை ட்ராக் (தரைமேல் போகும் திசை). அதே முனையிலிருந்து நீங்கள் பென்சிலால் வைக்கும் புள்ளி வரைக்கும் உள்ள நீளம் ட்ரூ ஏர்ஸ்பீடு (காற்றுக்குள் விமானத்தின் உண்மை வேகம்), திசை ஹெடிங் (மூக்கு பார்க்கும் திசை). புள்ளியிலிருந்து நடுத்துளைக்கு வருவது காற்று. புள்ளியில் புறப்பட்டுத் துளையை நோக்கி வீசுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இது பிடிபட்டால் மூன்று விஷயங்கள் தாமாக விளங்கும். புள்ளியை ஏன் துளைக்கு மேலே வைக்கிறோம்: காற்று வரும் திசை மேலே, இண்டெக்ஸுக்கு அடியில் இருக்கிறது. ட்ரூ ஏர்ஸ்பீடை ஏன் புள்ளியில் பொருத்துகிறோம்: புள்ளிதான் ஹெடிங் கோட்டின் நுனி. கிரவுண்ட் ஸ்பீடை ஏன் துளையில் படிக்கிறோம்: துளைதான் ட்ராக் கோட்டின் நுனி.

தகட்டைத் தொடுமுன் கையில் இருக்க வேண்டியவை

ட்ரூ கோர்ஸ், ட்ரூ ஏர்ஸ்பீடு, காற்றின் திசை, காற்றின் வேகம். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் மீதிக் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை.

கோர்ஸை நடுவழி லாங்கிட்யூடுக் கோட்டில் புரோட்ராக்டர் வைத்து அளவிடுங்கள். 179, 359 என்று தலைகீழாகப் படித்துவிடுவது அடிக்கடி நடப்பது; "தெற்கே போகிறேன், 180-ஐ ஒட்டி வரவேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

காற்றுக்கு வானிலை முன்னறிவிப்பில் உங்கள் உயரத்துக்கு மேலும் கீழும் உள்ள இரு மட்டங்களை எடுத்து இடைப்பட்ட மதிப்பைக் கணக்கிட வேண்டும். 5,000 அடியில் 260 டிகிரி 28 நாட் (மணிக்கு இத்தனை நாட்டிக்கல் மைல்), 10,000 அடியில் 260 டிகிரி 18 நாட் என்று வைத்துக்கொள்வோம். நாம் பறப்பது 6,500 அடி. 5,000 அடி இடைவெளியில் 1,500 அடி ஏறியிருக்கிறோம், அதாவது பத்தில் மூன்று பங்கு. 10 நாட் குறைவில் பத்தில் மூன்று 3 நாட். ஆகக் காற்று 260 டிகிரி, 25 நாட்.

மேலே போகப்போகக் காற்று குறைகிறதே, புத்தகம் கூடும் என்றல்லவா சொல்கிறது என்ற சந்தேகம் இங்கே வரும். தென்மேற்குப் பருவத்தில் தென்னிந்தியாவின் மேல் காற்றின் உச்சம் ஏறத்தாழ 5,000 அடியில்தான் இருக்கும். அதற்கு மேலே தளரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குறுக்குக்காற்று அதிகமாக இருந்தால், உயரத்தை 2,000 அடி கூட்டிப் பார்ப்பதற்கு இங்கே நல்ல காரணம் இருக்கிறது.

அடுத்தது ட்ரூ ஏர்ஸ்பீடு. ஸ்பீடோமீட்டரில் தெரிவதை அப்படியே போடக்கூடாது. தகட்டின் மறுபக்கம், கணக்கு வட்டில், பிரஷர் ஆல்டிட்யூடையும் (தரநிலை அழுத்தத்தை வைத்த உயரம்) வெளி வெப்பத்தையும் எதிரெதிரே பொருத்தினால், உள்வட்டத்தில் கேலிப்ரேட்டட் ஏர்ஸ்பீடுக்கு (கருவிப் பிழை நீக்கிய வேகம்) நேரே வெளிவட்டத்தில் ட்ரூ ஏர்ஸ்பீடு வரும். 6,500 அடி, 18 டிகிரி செல்சியஸ், 97 நாட் என்றால் 110 நாட். அந்த உயரத்துக்கான தரநிலை வெப்பம் 2 டிகிரிதான். நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்காமல் தரநிலையையே போட்டால் 107 வரும், 3 நாட் பிழை. ஆயிரம் அடிக்கு 2 விழுக்காடு கூட்டும் மனக்கணக்கு இங்கே 109.6 தருகிறது, சரிபார்க்க அது போதும்.

எல்லாமே ட்ரூ, எல்லாமே நாட். வானிலை முன்னறிவிப்பும் மெட்டாரும் (விமான நிலைய வானிலை அறிக்கை) ட்ரூ நார்த்தை, அதாவது புவியியல் வடக்கை வைத்தே காற்றுத் திசையைத் தரும். ஓடுபாதைக் காற்றாக டவர் வாயால் சொல்வது மேக்னெட்டிக், அதாவது காந்த வடக்கை வைத்து. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் வேறுபாடு ஒன்றிரண்டு டிகிரி என்பதால் கலந்துவிட்டாலும் பெரிதாகத் தெரியாது. அதுவே பழக்கமாகிவிட்டால், வேரியேஷன் (அந்த வேறுபாடு) ஏறத்தாழ 15 டிகிரி இருக்கும் சியாட்டில் பக்கம் பறக்கும்போது பாதை முழுவதும் கோணலாகப் போகும்.

புள்ளி வைத்து விடை எடுப்பது

சேலத்துக்கு நேர்மேலே 6,500 அடியில் சமநிலையில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். கோர்ஸ் 179, காற்று 260/25, ட்ரூ ஏர்ஸ்பீடு 110.

1. வட்டை ஈரத்துணியால் துடையுங்கள். முந்தைய பயணத்தின் புள்ளி மங்கலாக இருந்தாலும் போதும், கண் தவறாமல் அதைத்தான் பிடிக்கும்.

2. ஸ்லைடில் வேக அளவு சரியான பக்கம் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சிறு விமானங்களுக்கு, மறுபக்கம் ஜெட் வேகங்களுக்கு.

3. வட்டைச் சுழற்றி 260-ஐ ட்ரூ இண்டெக்ஸுக்கு அடியில் கொண்டுவாருங்கள். இண்டெக்ஸின் இருபுறமும் வேரியேஷனுக்காகச் சிறு அளவுகோல் இருக்கும். அதன் 2 டிகிரிக் கோட்டில் பொருத்திவிடுவதுண்டு; அம்புக்குறியின் நுனியைத்தான் பார்க்க வேண்டும்.

4. ஸ்லைடை நகர்த்தி நடுத்துளையை 100 என்ற தடித்த வளைவின் மேல் வையுங்கள். எந்த எண்ணாக இருந்தாலும் சரிதான். 100 எண்ணுவதற்கு வசதி.

5. நடுக்கோட்டின் மேல், துளையிலிருந்து மேலே 25 நாட் எண்ணி, 125-இல் கூர்மையான பென்சிலால் புள்ளி வையுங்கள். பெரும்பாலான தகடுகளில் ஒவ்வொரு மெல்லிய வளைவும் 2 நாட். 124-க்கும் 126-க்கும் நடுவில் உங்கள் புள்ளி விழவேண்டும். தடித்த புள்ளி இரண்டு வளைவையும் மூடிவிடும், அதிலேயே 2 நாட் போய்விடும். புள்ளியைச் சுற்றி ஒரு சிறு வட்டம் போட்டால் பிறகு தேட வேண்டியதில்லை.

6. வட்டைச் சுழற்றி 179-ஐ இண்டெக்ஸுக்குக் கொண்டுவாருங்கள். புள்ளி வலப்பக்கம் போய், துளையின் மட்டத்துக்குச் சற்றே மேலே நிற்கும். இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி விமானத்தில் உட்கார்ந்திருப்பதாக நினையுங்கள். தெற்கே போகிறீர்கள், மேற்கு உங்கள் வலக்கை. காற்று வலக்கைப் பக்கமிருந்து, கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறது. புள்ளியும் அங்கேதான் இருக்கிறது.

7. இனி வட்டைத் தொடாதீர்கள். ஸ்லைடை மட்டும் நகர்த்தி, புள்ளி 110 வளைவின் மேல் சரியாக உட்காரும்படி செய்யுங்கள். 110 என்பது நடுக்கோட்டில் எழுதப்பட்டிருக்கும். அந்த வளைவைப் பிடித்துக்கொண்டே வலப்பக்கம் போய்ப் புள்ளியைச் சேரவேண்டும். குறுக்கே நேராகப் பார்த்தால் பிசகிவிடும்.

8. புள்ளி எந்த விசிறிக் கோட்டில் இருக்கிறது? 13 டிகிரி, வலம். பல தகடுகளில் 100 நாட்டுக்கு மேலே ஒரு கோட்டுக்கு 1 டிகிரி, 100-க்குக் கீழே ஒரு கோட்டுக்கு 2 டிகிரி. எல்லைக்கு அருகில் வேலை செய்யும்போது எண்களைப் பார்த்து எண்ணுங்கள்.

9. நடுத்துளைக்கு அடியில் கிரவுண்ட் ஸ்பீடு: 103 நாட்.

புள்ளி வலப்பக்கம் என்றால் கூட்டல், இடப்பக்கம் என்றால் கழித்தல். 179 + 13 = 192, இது ட்ரூ ஹெடிங். மேக்னெட்டிக் ஹெடிங்குக்கு வேரியேஷன்: மேற்கு என்றால் கூட்டு, கிழக்கு என்றால் கழி. இங்கே 2 டிகிரி மேற்கு என்று வைத்துக்கொண்டால் 194. உண்மையில் வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் அதன் ஆண்டையும் பார்த்தே எடுக்க வேண்டும். கடைசியாகக் காம்பஸுக்குக் கீழே ஒட்டியிருக்கும் டீவியேஷன் அட்டை (அந்தக் காம்பஸின் பிழையைக் காட்டுவது); அது இந்தத் திசையில் 1 டிகிரி கூட்டச் சொன்னால் காம்பஸில் 195.

கணக்கு வட்டில் 60-இல் உள்ள முக்கோணக் குறியை வெளிவட்டத்தின் 103-க்கு நேரே வைத்து, வெளிவட்டத்தில் 117-ஐத் தேடினால் உள்வட்டத்தில் 68 நிமிடம்.

ஒரு நுணுக்கம் இந்த வழித்தடத்திலேயே ஒளிந்திருக்கிறது. ட்ரூ கோர்ஸ் 179 கிழக்கு அரைவட்டத்தில் வருவதுபோல் தெரியும். ஆனால் உயர மட்டம் தேர்வது மேக்னெட்டிக் ட்ராக்கை வைத்துத்தான். அது 181, மேற்கு அரைவட்டம். ஆகவே வி.எஃப்.ஆர். (வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கும்) பயணத்துக்கு ஒற்றைப்படை ஆயிரமும் ஐந்நூறும் அல்ல, இரட்டைப்படை ஆயிரமும் ஐந்நூறும்: அதனால்தான் 6,500.

ஏழு நாட் எங்கே போனது

காற்று கிட்டத்தட்ட நேர் குறுக்கு. கோர்ஸுக்கும் காற்றுக்கும் 81 டிகிரி இடைவெளி. அதில் எதிர்க்காற்றாக வருவது வெறும் 4 நாட். ஆனால் 110-லிருந்து 103-க்கு 7 நாட் குறைந்திருக்கிறது. மீதி 3 நாட்டை எடுத்துக்கொண்டது மூக்கைத் திருப்பியதுதான்: 13 டிகிரி சாய்ந்து பறக்கும் விமானத்தின் 110 நாட்டில் 107 மட்டுமே பாதையின் திசையில் வேலை செய்கிறது.

திரும்பி வரும்போது இது இன்னும் தெளிவாகும். அழிக்காமல் வட்டை 359-க்குச் சுழற்றுங்கள். புள்ளி இடப்பக்கம், துளைக்குச் சற்றுக் கீழே. 110 வளைவில் பொருத்தினால் 13 டிகிரி இடம், கிரவுண்ட் ஸ்பீடு 111, ட்ரூ ஹெடிங் 346, நேரம் 63 நிமிடம். பின்காற்று 4 நாட் இருந்தும் கிடைத்தது 1 நாட். போகவர 131 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் ஏறக்குறைய 128. போகும்போது இழந்ததை வரும்போது காற்று முழுதாகத் திருப்பித் தருவதில்லை. போகவர எரிபொருளைக் காற்றில்லாத நேரத்தை வைத்துக் கணக்கிடும் பழக்கம் இதனால்தான் தவறு.

ஜெப்பெசன் சி.ஆர். வகை வட்டக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இதே 107 வேறு பெயரில் வரும். அதில் ஸ்லைடு இல்லை; காற்றைக் குறுக்கு, நேர் என்று இரண்டாகப் பிரித்துக் கூட்டிக் கழிக்கிறோம். திருத்தக் கோணம் 10 டிகிரியைத் தாண்டினால், எதிர்க்காற்றைக் கழிக்குமுன் ட்ரூ ஏர்ஸ்பீடை எஃபெக்டிவ் ட்ரூ ஏர்ஸ்பீடாக (பாதையின் திசையில் வேலை செய்யும் பங்கு) மாற்ற வேண்டும் என்று அதன் விதி சொல்லும். 110 இங்கே 107 ஆகிறது, அதிலிருந்து 4 கழித்தால் 103. இந்தப் படியை விட்டுவிட்டால் 106 என்று வரும்.

தவறு எங்கே புகும், என்ன விடையாகத் தெரியும்

மிக மோசமானது புள்ளியைத் துளைக்குக் கீழே வைப்பது. 100-லிருந்து 75-க்கு இறங்கிப் புள்ளி வைத்துவிட்டு மீதியை அப்படியே செய்தால், விடை 13 டிகிரி இடம், கிரவுண்ட் ஸ்பீடு 111. இரண்டும் சாதாரண எண்களாகத் தெரிவதால் சந்தேகம் வராது. உண்மையில் கிழக்கிலிருந்து வீசும் காற்றுக்கான திருத்தத்தை எடுத்துவிட்டீர்கள். 166 ட்ரூ ஹெடிங்கில் ஒரு மணி நேரம் பறந்தால், காற்று தள்ளுவதோடு நீங்களும் சேர்ந்து தள்ளிக்கொண்டு, கோட்டை விட்டு ஏறக்குறைய 50 மைல் கிழக்கே, காரைக்குடியைத் தாண்டி அறந்தாங்கிப் பக்கம் போய்ச் சேர்வீர்கள். புள்ளியைக் கீழே வைக்கும் முறை ஒன்றும் புத்தகங்களில் இருக்கிறது. அதில் இண்டெக்ஸில் ஹெடிங்கை வைத்து, துளையில் ஏர்ஸ்பீடை வைத்து, புள்ளியில் ட்ரிஃப்டை (காற்று தள்ளும் கோணம்) படிப்பார்கள். அது தவறல்ல. ஹெடிங்கை முதலில் தெரியாமல் நாம் அதைத் தேடும்போது, அந்த முறையில் வட்டை முன்னும் பின்னும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முறையைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள்; இரண்டையும் கலக்க வேண்டாம்.

இரண்டாவது, 110-ஐத் துளையில் வைத்துவிட்டுப் புள்ளியில் கிரவுண்ட் ஸ்பீடைப் படிப்பது. நம் கணக்கில் அது 12 டிகிரி, 117 நாட் என்று காட்டும். கோணம் ஒரு டிகிரிதான் பிசகியிருப்பதால் ஹெடிங் நன்றாகவே தெரியும். ஆனால் நேரம் 68-க்குப் பதில் 60 நிமிடம். மணிக்கு 32 லிட்டர் குடிக்கும் என்ஜினுக்கு 4 லிட்டருக்கு மேல் குறைவாகக் கணக்கிட்டிருப்பீர்கள். இங்கே ஒரு சோதனை உதவும்: காற்று பக்கவாட்டிலோ முன்னாலோ இருக்கும்போது கிரவுண்ட் ஸ்பீடு ஏர்ஸ்பீடைவிடக் கூடவே முடியாது. கூடினால் புள்ளியும் துளையும் இடம் மாறிவிட்டன என்று பொருள்.

காற்று வீசிப்போகும் திசையைப் போட்டுவிடுவது மூன்றாவது. "மேற்குக் காற்று" என்றால் மேற்கிலிருந்து வருவது. 260 என்பது புறப்படும் இடம். விளைவு முதல் தவறுக்குச் சமம்.

ஏறும்போது வேகம் குறைவு என்பதை மறப்பதும் உண்டு. ட்ரூ ஏர்ஸ்பீடு 80-இல் அதே 25 நாட் காற்றுக்குத் திருத்தம் 18 டிகிரி, கிரவுண்ட் ஸ்பீடு 72. சமநிலைக்கான 13 டிகிரியையே தரையிலிருந்து பிடித்தால், ஏறி முடிக்குமுன்பே கோட்டுக்கு இடப்பக்கம் போயிருப்பீர்கள். ஏற்றத்துக்குத் தனி வரி போட்டுத் தனியாகக் கணக்கிடுங்கள். அங்கே காற்றும் உயரத்துக்கு உயரம் மாறும் என்பதால், ஏற வேண்டிய உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டத்தின் காற்றை எடுப்பது வழக்கம்.

புள்ளி ஸ்லைடின் ஓரத்தைத் தாண்டிப் போனாலோ, வேகம் அளவுகோலுக்குள் அடங்காவிட்டாலோ, ஏர்ஸ்பீடையும் காற்றையும் இரண்டையும் பாதியாக்கியோ இரட்டிப்பாக்கியோ போடுங்கள். கோணம் மாறாது, கிரவுண்ட் ஸ்பீடை மட்டும் திருப்பிச் சரிசெய்தால் போதும்.

விடையை மனத்தில் உரைத்துப் பார்ப்பது

காற்றின் வேகத்தை 60-ஆல் பெருக்கி ஏர்ஸ்பீடால் வகுத்தால் அதிகபட்சத் திருத்தம்: 25 × 60 ÷ 110, ஏறக்குறைய 13 அல்லது 14. இது காற்று நேர் குறுக்காக இருக்கும்போது. கோர்ஸுக்கும் காற்றுக்கும் இடைவெளி 15 டிகிரி என்றால் அதில் கால் பங்கு, 30 என்றால் பாதி, 45 என்றால் முக்கால், 60-ம் அதற்கு மேலும் என்றால் முழுதும். கடிகாரத்தின் கால்மணி, அரைமணி, முக்கால்மணி போலவே. நம் இடைவெளி 81, ஆகவே முழுதும். தகடு 13 என்கிறது, மனம் 13 அல்லது 14 என்கிறது, தொடரலாம். தகடு 6 என்றோ 20 என்றோ சொன்னால் புறப்படாதீர்கள்.

வழியில் உண்மைக் காற்றைக் கண்டுபிடிப்பது

தகட்டின் அருமை இங்கேதான். முன்னறிவிப்பு ஒரு மதிப்பீடு; கரூருக்கு மேலே கடிகாரம் காட்டுவது நடந்த உண்மை.

192 ட்ரூ ஹெடிங்கைப் பிடித்துவந்தோம். காவிரியையும் கரூர் நகரையும் வைத்து இடத்தை உறுதிசெய்கிறோம். 49 மைல் வந்திருக்கிறோம். திட்டப்படி 29 நிமிடம் ஆகவேண்டியது 31 ஆகியிருக்கிறது, கோட்டுக்கு 3 மைல் கிழக்கே இருக்கிறோம். கிரவுண்ட் ஸ்பீடு ஏறத்தாழ 95. 60 மைலில் 1 மைல் விலகினால் 1 டிகிரி என்ற விதிப்படி 3 × 60 ÷ 49, கிட்டத்தட்ட 4 டிகிரி இடப்பக்க விலகல். ஆகவே உண்மையில் வந்த ட்ராக் 175.

வட்டில் 175-ஐ இண்டெக்ஸுக்குக் கொண்டுவந்து, துளையை 95-இல் வையுங்கள். ஹெடிங் 192, ட்ராக் 175. இடைவெளி 17 டிகிரி, ஹெடிங் வலப்பக்கம். வலப்பக்கம் 17 டிகிரிக் கோடும் 110 வளைவும் வெட்டும் இடத்தில் புதிய புள்ளி. இப்போது அந்தப் புள்ளி நடுக்கோட்டின் மேல், துளைக்கு நேர்மேலே வரும்வரை வட்டைச் சுழற்றுங்கள். இண்டெக்ஸில் 247, துளைக்கும் புள்ளிக்கும் இடையே 34 நாட். காற்று 25 அல்ல, 34. அதுவும் சற்றுத் தெற்கே திரும்பியிருக்கிறது.

இந்த வழித்தடத்தில் இப்படி நடப்பதற்கு இடமும் ஒரு காரணம். கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்திருக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டின் சிகரங்களும் 2,600 மீட்டருக்கு மேல். 6,500 அடி என்பது 2,000 மீட்டர்தான், அதாவது அந்தச் சுவர்களின் உயரத்துக்குள். கணவாயில் நெருக்கப்பட்டு வேகம் கூடிய காற்று கிழக்கே வரும் பகுதியைத்தான் இந்தக் கோடு குறுக்கே கடக்கிறது. பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் காற்றாலைகள் அடர்ந்து நிற்பதும் இதே காற்றுக்காகத்தான். பெரிய பரப்புக்கான முன்னறிவிப்பில் இந்த நெருக்கம் முழுதாகத் தெரியாது.

புதிய காற்றோடு மதுரைக்கு: மீதி 68 மைல். கோட்டுக்கு 3 மைல் இடப்பக்கம் இருக்கிறோம். 3 × 60 ÷ 68, ஏறக்குறைய 3 டிகிரி வலப்பக்கம் சாய்ந்தால் மதுரையில் போய்ச் சேரலாம். புதிய கோர்ஸ் 182. புள்ளியை அழிக்காமல் 182-ஐ இண்டெக்ஸுக்குத் திருப்பி, புள்ளியை 110 வளைவில் பொருத்தினால் 16 டிகிரி வலம், கிரவுண்ட் ஸ்பீடு 92. ட்ரூ ஹெடிங் 198, மேக்னெட்டிக் 200. மீதி நேரம் 44 நிமிடம், மொத்தம் 75. திட்டமிட்டதைவிட 7 நிமிடம் கூடுதல். இதைக் கரூரிலேயே தெரிந்துகொண்டு மதுரை டவருக்கு நேரத்தைத் திருத்திச் சொல்லிவிடலாம்.

3 மைல் விலகலைப் பார்த்தவுடன் "4 டிகிரி கூட்டிவிட்டால் சரி" என்று நிறுத்திவிடுவது போதாது. 4 டிகிரி கூட்டினால் கோட்டுக்கு இணையாகத்தான் பறப்பீர்கள், 3 மைல் தள்ளியே மதுரையைக் கடப்பீர்கள். விலகிய கோணமும், சேரும் கோணமும் இரண்டும் சேரவேண்டும்: 4 + 3, ஏறக்குறைய 7. தகட்டின் வழியில் 192 என்பது 198 ஆனது, அதாவது 6. ஒரு டிகிரிக்குள் இரண்டும் ஒத்துப்போவதால் கணக்கு சரி.

கையைப் பழக்க மூன்று கணக்குகள்

கோயம்புத்தூர் – திருச்சி: ட்ரூ கோர்ஸ் 099, 100 மைல், காற்று 260/30, ட்ரூ ஏர்ஸ்பீடு 105. புள்ளி வலப்பக்கம் துளைக்குக் கீழே இறங்கும். 5 டிகிரி வலம், ஹெடிங் 104, கிரவுண்ட் ஸ்பீடு 133, 45 நிமிடம் வரவேண்டும்.

அதே வழியில் திரும்பி, கோர்ஸ் 279: 5 டிகிரி இடம், ஹெடிங் 274, கிரவுண்ட் ஸ்பீடு 76, 79 நிமிடம். போகும் நேரத்தின் ஒன்றே முக்கால் மடங்கு.

வடகிழக்குப் பருவத்தில் சென்னை – புதுச்சேரி: கோர்ஸ் 199, 65 மைல், காற்று 050/20, ட்ரூ ஏர்ஸ்பீடு 110. காற்று இடப்பக்கம் பின்னாலிருந்து வருவதால் புள்ளி எங்கே விழும் என்று வட்டைச் சுழற்றுமுன் சொல்லிப் பாருங்கள். 5 டிகிரி இடம், ஹெடிங் 194, கிரவுண்ட் ஸ்பீடு 127, 31 நிமிடம். கோணத்தில் 1 டிகிரி, வேகத்தில் 2 நாட் வரை விலகினால் அது பென்சிலின் தடிமன். அதற்கு மேல் விலகினால் வட்டைத் துடைத்துவிட்டு, காற்றின் திசையை இண்டெக்ஸில் வைப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.